பரவைக்கடல் மீனில் பார உலோகமா?

கேள்வி: நாங்கள் நாவாந்துறைப் பக்கம். வீட்டுக்காரர் பரவைக்கடலில் களங்கட்டி வைத்துத் தொழில் செய்கிறார். போன மாதம் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பால் சுரக்கட்டும் என்று சம்மந்தி அம்மா சுறா வறை செய்து கொடுக்கச் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியோ, “குப்பைமேட்டுத் தண்ணியும் ரவுண் வாய்க்காலும் விழுகிற கடல், அந்த மீனில் பார உலோகம் இருக்கும், பிள்ளை பெற்றவளுக்கு மீனே குடுக்காதையுங்கோ” என்கிறான். வீட்டுக்காரர் சிரிக்கிறார். பிறந்த நாள் முதல் இந்த மீனைத்தான் தின்கிறாராம். முற்றத்தில் பழைய பற்றரி ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிற தனக்கே ஒன்றும் ஆகவில்லையாம். யார் சொல்வது சரி? உலோகம் மீனுக்குள் எப்படிப் போகிறது, அது மீனை என்ன செய்யும்? வாங்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மகளுக்கு மீன் கொடுங்கள் அம்மா. மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம், அதுவரை அடுப்பு அணைய வேண்டியதில்லை. சுறாவைப் பற்றி மட்டும் சம்மந்தி அம்மாவுடன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

பார உலோகம் என்று பொதுவாகச் சொன்னாலும், மீன் சாப்பிடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று: பாதரசம், கட்மியம், ஈயம். செம்பும் நாகமும் வேறு வகை. அவை உடம்புக்குச் சிறிதளவு வேண்டியவை. அளவு மீறினால்தான் நஞ்சு. அதுவும் மனிதரைவிட மீனுக்குத்தான் கூடுதல் நஞ்சு. வள்ளத்தின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் வர்ணங்களில் செம்பு இருக்கிறது. முந்திரிகைத் தோட்டத்துக்கு அடிக்கும் போர்டோக் கலவையிலும் அதுதான். மழைக்கு எல்லாம் கழுவுண்டு கடலுக்கு வருகிறது.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. யாழ்ப்பாணப் பரவைக்கடல் ஏறக்குறைய 400 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஆனால் ஆகக் கூடிய ஆழமே 4 மீற்றர் அளவுதான். வற்றாத ஆறு ஒன்றும் அதில் விழுவதில்லை; வழுக்கியாறுகூட மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலைத் தொடும். வற்றுப்பெருக்கும் பெரிதாக இல்லை. போதாததற்குப் பண்ணையிலும் பொன்னாலையிலும் தாம்போதிகள் குறுக்கே கிடக்கின்றன. ஆகவே உள்ளே வந்தது இலகுவில் வெளியே போகாது, சேற்றில் படியும். கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் பற்றரி, உடைந்த தொலைபேசி, மின்குமிழ் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. மழைநீர் அதற்குள்ளால் ஊறி வருமிடம் கடலை அண்டிய தரவை.

மற்றப் பாதி மிகைப்படுத்தல். குடாநாட்டில் உலோகம் உருக்கும் பெரிய ஆலை கிடையாது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைப் போன்ற நிலையும் இங்கே இல்லை. எனவே கடல் முழுவதும் ஒரே மாதிரி நஞ்சு என்று சொல்வது பிழை. வாய்க்கால் வாய், குப்பைமேட்டு ஓரம், வள்ளம் சுரண்டி வர்ணம் பூசுகிற துறை இவற்றின் சேறு ஒன்று. நடுப் பரவையின் சேறு இன்னொன்று. மீன் எந்த இடத்துச் சேற்றில் மேய்ந்தது என்பதுதான் கேள்வி. சுன்னாகத்துக் கிணறுகளையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்த வழக்கு. ஆனாலும் நிலத்தில் ஊற்றியதை எங்கள் சுண்ணாம்புக்கல் வடிகட்டிப் பிடித்து வைக்காது என்பதை அந்தக் கிணறுகள் காட்டிவிட்டன.

இனி மீனுக்குள் போவோம். சந்தையில் செவுள்மூடியைத் தூக்கிப் பூவைப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? அந்தச் சிவந்த பூவின் ஒவ்வொரு இதழிலும் இரத்தத்துக்கும் கடல்நீருக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய தோல், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு. மீன் மூச்சு விடுவதும் அதால்தான், உப்பைச் சரிக்கட்டுவதும் அதால்தான். கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீனின் இரத்தத்தில் உண்டு. ஆதலால் கடலில் கிடக்கிற மீனின் உடலிலிருந்து எந்நேரமும் தண்ணீர் வெளியே இழுபடுகிறது. அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடிப்போன உப்பைச் செவுளில் இருக்கும் சிறப்புக் கலங்களால் வெளியே தள்ளுகிறது. நன்னீருக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: குடிப்பதை நிறுத்திவிட்டு, அதே செவுளால் உப்பை உள்ளே இழுக்க வேண்டும்.

பரவைக்கடல் மீனின் பாடு இங்கேதான் பெரிது. கோடையில் ஆனையிறவில் உப்பு விளையும் அளவுக்கு நீர் கரிக்கும். மாரியில் அதே நீர் வாயில் வைக்கக்கூடியதாகிவிடும். ஓராவும் மணலையும் கீளியும் இந்த இரண்டு நிலைக்கும் மாறி மாறித் தங்கள் செவுளைப் பழக்குகின்றன. உப்பைத் தள்ளுகிற அந்தக் கலங்களை ஓட்டுவது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் ஒரு நொதியம். செம்பு அந்த நொதியத்தை முடக்குகிறது. கட்மியமோ கல்சியத்தின் வேடத்தில் வருகிறது. செவுளில் கல்சியம் நுழைகிற வாசலாலேயே உள்ளே போய்விடும். ஈயமும் கல்சியத்தின் பின்னால் போய் எலும்பில் குடியிருக்கும்.

மாரியைத் தனியாகக் கவனிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. உப்புக் கூடிய கடல்நீரில் கட்மியம் குளோரைட்டோடு பிணைந்து கிடக்கும், செவுளுக்குள் அவ்வளவு இலகுவாக நுழையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் சேர்ந்து உப்புக் குறையக் குறைய அந்தப் பிணைப்பு விடுபடுகிறது. தனித்து நிற்கும் கட்மியம் கூடுகிறது. ரவுணின் வருடக் கழிவை வாய்க்கால்கள் கொண்டுவந்து கொட்டுவதும் அதே முதல் மழையில். மீன் தன் செவுளை உப்புநீர் நிலையிலிருந்து நன்னீர் நிலைக்கு மாற்றிக்கொண்டு தடுமாறுவதும் அதே நாட்களில். மூன்றும் ஒன்றாக விழுகின்றன. யாராவது எங்கள் கடல் மீனைச் சோதிக்க வந்தால் பங்குனி வெயிலில் வந்து பிடித்துப் பார்த்துவிட்டு நல்லது என்று எழுதிப் போகக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உலோகம் பட்ட செவுள் சளியைச் சுரந்து தன்னைக் காக்கப் பார்க்கும். அந்தச் சளியே மூச்சை அடைக்கும். கோடையில் முழங்காலளவு தண்ணீர் கொதித்து ஒட்சிசன் குறைந்து கிடக்கிற பரவையில் இது சின்ன விடயமல்ல.

உள்ளே போனது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அங்கே மெட்டலோதயோனின் என்றொரு புரதம் உண்டு. கந்தகம் நிறைந்தது, கட்மியத்தைக் கண்டால் பிடித்துக் கட்டிவிடும். 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் முதலில் கண்டார்கள், பிறகு பார்த்தால் மீனிலும் இருக்கிறது, நம்மிலும் இருக்கிறது. அசுத்தமான இடத்து மீன் இந்தப் புரதத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். சாகாது, ஆனால் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சத்து இதற்குப் போகும். ஈயமோ இரத்தத்தில் கை வைக்கிறது: செங்குருதிக்கு நிறம் கொடுக்கும் பொருளைச் செய்கிற நொதியம் ஒன்றை நிறுத்திவிடுகிறது. மீனுக்கும் இரத்தச்சோகை வரும்.

எனக்குக் கூடக் கவலை தருவது வேறொன்று. மீனின் மூக்கு தண்ணீரிலேயே திறந்து கிடக்கிறது, மூளைக்குப் போகும் மணநரம்புகளுக்கு மூடி இல்லை. ஒரு லீற்றர் நன்னீரில் சில மைக்கிரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே சமன் மீன் குஞ்சுகளின் மோப்பம் மழுங்குகிறது என்று அமெரிக்கப் பசிபிக் கரையில் கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குஞ்சு கடிபட்டால் அதன் தோலிலிருந்து கசியும் எச்சரிக்கை மணத்தை மற்றக் குஞ்சுகள் உணர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். மோப்பம் மழுங்கினால் அவை நீந்திக்கொண்டே இருக்கும், பெரிய மீனுக்கு இரையாகும். உப்புநீரில் செம்பின் வேகம் குறைவு என்பது ஆறுதல். மாரியில் எங்கள் நீர் உப்புநீர் இல்லை என்பது அந்த ஆறுதலின் எல்லை. பரவைக்கடல் குஞ்சு வளர்கிற இடம். கண்டல் வேருக்குள்ளும் சாதாழைக்குள்ளும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெருகித்தான் பெருங்கடலுக்குப் போகின்றன. குஞ்சுகள் இப்படி அழிந்தால் கரையில் ஒரு செத்த மீனும் ஒதுங்காது. களங்கட்டியில் பாடு குறையும், அவ்வளவுதான். பாடு குறைந்ததற்கெல்லாம் உலோகத்தைப் பழி சொல்லவும் மாட்டேன். 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த இழுவைமடி இன்னமும் பாக்குநீரிணை அடியை வாரிக்கொண்டிருக்கிறது. சிறுகண் வலையும் இருக்கிறது. ஆனால் இழுவைமடி சேற்றைக் கிளறும்போது அதில் உறங்கிக் கிடந்த உலோகமும் நீருக்கு வருகிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கறிச்சட்டிக்கு வருவோம். கட்மியமும் ஈயமும் ஈரல், சிறுநீரகம், எலும்பு, குடல் இவற்றில் தங்கும், சதையில் குறைவு. ஆகவே குடலை வடிவாக எடுத்து, உட்கூட்டைக் கழுவினால் பெரும்பங்கு போய்விடும். மணலை சேற்றை விழுங்கி மேய்கிற மீன், அதன் வயிற்றைக் கவனமாகத் துப்புரவாக்குங்கள். கணவாயின் ஈரலில் கட்மியம் நிறையச் சேரும். அதை முழுதாக எடுத்தெறியுங்கள். நண்டில் கால்சதைக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் கட்மிய எல்லை வகுத்திருக்கிறது, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் களி அந்தக் கணக்கிலேயே இல்லை, ஏனென்றால் அது நண்டின் ஈரல். கூழுக்குள் ஓட்டோடு உடைத்துப் போடுகிறவர்களின் கோபம் எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மட்டும் மகளுக்குக் காலையும் சதையையும் எடுத்து வையுங்கள்.

பாதரசம்தான் இந்தக் கணக்குக்கு அடங்காதது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பற்றீரியா அதை மெதைல் பாதரசமாக மாற்றும். அது சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே வெட்டியெறிய முடியாது. அவித்தாலும் பொரித்தாலும் புளி விட்டாலும் போகாது. கருவாடாக்கினால் தண்ணீர்தான் போகும், பாதரசம் நிற்கும். பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பெருகும். யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவோடு போன பாதரசம் மீனால் மனிதருக்கு ஏறியதை 1956இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பே அந்த ஊர்ப் பூனைகள் பித்துப் பிடித்துக் கடலில் விழுந்து செத்துக்கொண்டிருந்தன.

ஆலை இல்லாத கடலிலும், வயது போன பெரிய வேட்டை மீனில் பாதரசம் இருக்கும். சுறா அதில் முன்னணி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எடுத்த அளவீட்டில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், நம் சூடையின் உறவான சாளையில் 0.013. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வகுத்த எல்லை, உடல் எடை ஒரு கிலோவுக்குக் கிழமைக்கு 1.6 மைக்கிரோகிராம் மெதைல் பாதரசம். மகள் 55 கிலோ என்று வையுங்கள்: கிழமைக்கு 88 மைக்கிரோகிராம். அந்தச் சராசரிச் சுறாவில் 90 கிராம் தின்றாலே எல்லை முட்டிவிடும். சாளையில் ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்.

சம்மந்தி அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மரியாதையோடு. பாற்சுறா சின்ன இனம், பெரிய சுறாவின் அளவுக்கு அதில் சேராது. எங்கள் பெரியவர்கள் பிள்ளை பெற்றவளுக்கு அதைத் தேர்ந்தது நல்லதாயிற்று. முழங்கை நீளத்துக் குட்டிப் பாற்சுறாவில் ஒருமுறை வறை செய்து கொடுத்தால் நான் மறுக்க மாட்டேன். சந்தையில் துண்டு போட்டு விற்கிற பெருஞ்சுறா வேண்டாம். துண்டைப் பார்த்துக் குட்டியா கிழமா என்று உங்களுக்கே தெரியும். பிரித்தானியச் சுகாதார சேவை கர்ப்பிணிகளுக்குச் சுறாவே வேண்டாம் என்கிறது, பால் கொடுக்கும் தாய்க்குக் கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்கிறது. பால் சுரப்பதற்கு வேண்டியது புரதமும் போதிய தண்ணீரும், பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதும். அந்தப் புரதம் சூடையிலும் நெத்தலியிலும் ஓராவிலும் இருக்கிறது.

தம்பி சொன்னதுபோல மீனை நிறுத்துவது ஏன் பிழை? இரண்டு தீவுக்கூட்டங்களைப் பாருங்கள். வட அத்திலாந்திக்கில் பாரோ தீவுகளில், கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் பாதரசம் கூடியிருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் ஞாபகமும் கவனமும் சற்றுப் பின்தங்கின. அங்கே பாதரசம் பெரும்பாலும் வந்தது பைலட் திமிங்கில இறைச்சியால். நம் இந்து சமுத்திரத்துச் சீசெல்சில் தாய்மார் கிழமைக்குப் பன்னிரண்டு வேளைபோல மீன் தின்றார்கள். 1980களின் கடைசியிலிருந்து அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்கள் அப்படியான தீங்கைக் காணவில்லை. மீனின் கொழுப்பு குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. அதைப் பறித்துவிட்டு என்ன கொடுக்கப் போகிறோம், சோயா மீற்றும் சோடாவுமா?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. சிவந்த பூவும் தெளிந்த கண்ணும் மீன் புதிது என்பதைத்தான் சொல்லும். இனத்தையும் பருமனையும் பிடித்த இடத்தையும்தான் நீங்கள் தேர முடியும். வாய்க்கால் விழுகிற இடத்தில் மட்டி பொறுக்க வேண்டாம்; மட்டி நீரை வடிகட்டித் தின்கிற பிராணி, நகர்ந்து தப்பவும் மாட்டாது. சதையை மட்டும் சோதித்து நல்லது என்று அறிக்கை தருகிறவர்களிடம் ஈரலையும் சேற்றையும் சோதித்தீர்களா, எந்த மாதத்தில் என்று உங்கள் மீனவர் சங்கம் கேட்கட்டும். கல்லுண்டாயிலிருந்து வடிகிற நீர் எங்கே போகிறது என்று மாநகரசபையையும் கேட்கட்டும். அது உங்கள் உரிமை.

இனி நீங்கள் கேட்காதது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முற்றத்தில் பற்றரி ஈயம் உருக்குவது. கடல் மீன் முழுவதையும்விட உங்கள் பேரப்பிள்ளைக்கு ஆபத்தானது அந்தச் சட்டிதான். உருகும் ஈயத்தின் ஆவியும் பற்றரிக்குள் இருக்கும் தூளும் மண்ணில் படியும், உடுப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தவழ்கிற பிள்ளை மண்ணிலே கை வைத்து வாயிலே வைக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இவ்வளவுக்குள் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை. செனகல் நாட்டில் டாக்கார் நகரை ஒட்டிய தியாரோயே சுர் மேர் ஒரு மீன்பிடி ஊர். பழைய பற்றரி ஈயம் கலந்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

மகளும் அந்த முற்றத்தில்தான் வளர்ந்திருப்பாள். மீனின் எலும்பில் போலவே அவள் எலும்பிலும் ஈயம் படிந்திருக்கக்கூடும். பால் கொடுக்கும் காலத்தில் எலும்பிலிருந்து கல்சியம் கரையும்போது அதுவும் கொஞ்சம் இரத்தத்துக்கு வரும். பாலை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பெரிது. கீரை, முட்டை, வாய்க்கால் வாயில் பிடிக்காத சின்ன மீனை முள்ளோடு கொடுத்துக் கல்சியமும் இரும்பும் குறையாமல் பாருங்கள். குழந்தை வைத்தியரிடம் அடுத்த முறை போகும்போது வீட்டில் ஈயம் உருக்கியதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்காரர் குண்டைக் கடையில் வாங்கட்டும். உருக்கிய இடத்து மேல்மண்ணைப் பிள்ளை தவழத் தொடங்க முன்பே வழித்தெடுத்து, புதுமண் போடுங்கள். வழித்த மண்ணைப் பரவைக்கடலில் கொட்டிவிடாதீர்கள்.